காசும் அதன் மதிப்பும்

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் இரு பொருள் தருவது. கையில் புழங்கும் காசையும் அது குறிக்கும். சொன்ன சொல் தவறாத நேர்மையையும் குறிக்கும். காசின் தரத்தை ஆராய்ந்து கூறுவோர் பண்டைத் தமிழகத்தில் வண்ணக்கர் எனப்பட்டனர். சங்கப் புலவர் பெயர்களுள் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என வருவன இத்தொழிலின் பழமைக்குச் சான்றாகும். அன்று ஒரு சிலருக்கே உரியதாக இருந்த காசு நோட்டம் இன்று கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தேவையாகிவிட்டது. அதனை நமக்கு உணர்த்திய ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறி, பின்னர்க் காசை மதிப்பிடும் முறையை விளக்க முற்படுகிறோம்.

துறைக்கு வந்த இரு காசுகள்

பென்னாகரம் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த நம் மாணவர் ஒருவர் ஒருநாள் மாலை கைக்குட்டையில் முடிந்த இரு காசுகளுடன் துறைக்கு வந்தார். ஒன்று, வைஷ்ணவி தேவியின் உருவமும் 2012 என்னும் ஆண்டும் பொறித்த ஐந்து ரூபாய்க் காசு. மற்றொன்று, பொன்னிறமான அமெரிக்க ஒரு டாலர் காசு. பெங்களூரில் வாடகைக் கார் ஓட்டும் அவருடைய தாய்மாமனுக்கு வெளிநாட்டுப் பயணி ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தது அது.

“இந்த ரெண்டையும் வித்தா வீட்டுக் கடனே தீர்ந்துடும்னு சொன்னாங்க ஐயா” என்றார் மாணவர். கைப்பேசியில் கண்ட விளம்பரத்தை நம்பி அவர் பேசியிருக்கிறார். பதிவுக் கட்டணம் என 1,500 ரூபாயும், வரி என 3,000 ரூபாயும் அனுப்பியிருக்கிறார். அது தேர்வுக் கட்டணத்திற்கும் விடுதிக்கும் தந்தையார் கொடுத்த பணம். சான்றிதழுக்கு மேலும் 8,000 ரூபாய் கேட்டபோதுதான் நம்மிடம் கடன் கேட்க வந்திருந்தார். பணம் கேட்டு வந்தவருக்கு நாம் முதலில் கொடுக்க நேர்ந்தது ஒரு பாடமே.

உலோகம்

ஒரு காசைக் கண்டதும் கேட்கவேண்டிய முதற்கேள்வி, அஃது எதனால் ஆயது என்பது. மாணவர் வீட்டார் அந்த டாலரைப் பொன் என்றே எண்ணியிருந்தனர். 2000ஆம் ஆண்டில் வெளியான அக்காசில், குழந்தையை முதுகில் சுமந்த சகாகவியா என்னும் பூர்வகுடிப் பெண்ணின் உருவம் உள்ளது. உள்ளே செம்பு, வெளியே மாங்கனீசு கலந்த பித்தளை. எடை 8.1 கிராம்; விட்டம் 26.5 மில்லிமீட்டர். பொன் ஓர் அணுவும் இல்லை. எனவே உருக்கினாலும் பயனில்லை. இற்றைக்காலப் புழக்கக் காசுகள் பெரும்பாலும் இத்தகையனவே.

எண்ணிக்கை

இரண்டாவது கேள்வி, எத்தனை அடிக்கப்பட்டன என்பது. இங்கேதான் பலரும் தவறுகின்றனர். புழக்கத்தில் காணாமை வேறு, அரிதாதல் வேறு. அமெரிக்க அரசு 1979இல் சூசன் அந்தோணி அம்மையாரின் உருவத்துடன் சிறிய டாலர் காசை வெளியிட்டது. அது கால் டாலர் காசைப் போலவே தோன்றியதால் மக்கள் ஏற்கவில்லை. கருவூலங்களில் குவிந்து கிடந்தது. கடைத்தெருவில் அது கண்ணில் படுவது அரிது. ஆனால் அந்த ஓராண்டில் மட்டும் அடிக்கப்பட்டவை 75 கோடிக்கு மேல்! சகாகவியா காசும் 2000ஆம் ஆண்டில் மட்டும் 100 கோடிக்கு மேல் அடிக்கப்பட்டது.

ஆயினும் அதே ஆண்டின் காசில் ஓர் அரிய வகையும் உண்டு. சீரியோஸ் என்னும் காலையுணவுப் பெட்டிகளில் வைத்து வழங்குவதற்காக 5,500 காசுகள் அளிக்கப்பட்டன. அவற்றுள் சிலவற்றின் பின்புறக் கழுகின் வால் இறகுகளில் நுண்ணிய கோடுகள் கூடுதலாக இருப்பது 2005இல்தான் கண்டறியப்பட்டது. அவ்வகைக்குச் சேர்ப்போர் ஆயிரக்கணக்கில் டாலர் தருகின்றனர். உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நாம் பார்த்தோம். மாணவரின் காசில் அக்கோடுகள் இல்லை.

ஐந்து ரூபாய்க் காசுக்கும் இதுவே விடை. அது கோயில் வாரியத்தின் வெள்ளிவிழாவை ஒட்டிப் பொதுப்புழக்கத்திற்கென்றே அடிக்கப்பட்டது. ஆண்டின் கீழுள்ள குறி, அடித்த ஆலையைக் காட்டும்: வைரவடிவம் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத்து, புள்ளி நொய்டா, குறியின்மை கொல்கத்தா. 1985ஆம் ஆண்டு ஒரு ரூபாய்க் காசில் காணும் ‘எச்’ என்னும் எழுத்து, இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடித்ததைக் குறிப்பது. இவ்வெழுத்தைக் காட்டி இலட்சங்கள் பேசுவோர் உளர். அடித்த இடம் அயல்நாடு என்பதால் மட்டும் காசு அரிதாகிவிடாது.

பழமைக்கும் இது பொருந்தும். நம் வீட்டில் பாட்டியார் பாதுகாத்த யானை உருவச் செப்புக்காசு ஒன்று உண்டு. 1792 வரை பாராமகால் என்னும் இப்பகுதியை ஆண்ட திப்பு சுல்தானின் காசு அது. இளமையில் அதனைப் பெருஞ்செல்வம் எனக் கருதியிருந்தோம். இத்தகைய செப்புக்காசுகள் ஏராளமாக அடிக்கப்பட்டவை என்பதைப் பின்னரே அறிந்தோம். அதன் வரலாற்று மதிப்பு பெரிது; சந்தை மதிப்பு சிறிது.

நிலை

மூன்றாவது, காசின் நிலை. ஆலையிலிருந்து வந்த பொலிவு மாறாத காசுக்கும் பல கை மாறித் தேய்ந்த காசுக்கும் விலையில் பெரும் வேறுபாடு உண்டு. நம் மாணவர் வீட்டில், விலை கூடும் என நம்பி, பித்தளைப் பாத்திரம் துலக்குவது போல் புளியும் சாம்பலும் இட்டு டாலரைத் துலக்கியிருந்தனர். சேர்ப்போர் வெறுப்பது இதனையே. துலக்கிய காசு இயல்பான மேற்பரப்பை இழந்துவிடுகிறது. எந்தக் காசையும் துலக்காமல், ஓரம் பிடித்துக் கையாளுதல் வேண்டும்.

ஆலையில் நேர்ந்த பிழைக்கு விலை உண்டு என்பது மெய்யே. ஆனால் வண்டி ஏறி நசுங்கியதும் சுத்தியால் அடித்ததும் பிழைக்காசு ஆகா. மெய்யான பிழைக்கும் விலை நிலைப்பதில்லை. 2007இல் வாசிங்டன் உருவம் பொறித்த டாலர்கள் சில, விளிம்பில் எழுத்தின்றி வெளிவந்தன. முதலில் நூற்றுக்கணக்கான டாலருக்கு விலைபோயின. பிறகு அத்தகையவை ஆயிரக்கணக்கில் கிடைக்கவே விலை சரிந்தது.

வேட்பு

நான்காவது, அதனை விரும்பி வாங்குவார் உளரா என்பது. ஒருவர் கேட்கும் விலை வேறு. ஒருவர் கொடுத்த விலை வேறு. ஐந்து ரூபாய்க் காசுக்கு ஐந்து இலட்சம் என எவரும் எழுதிவைக்கலாம். முறையான ஏலத்தில் உண்மையாகவே விற்ற விலையே மதிப்பாகும்.

இந்திய ரிசர்வ் வங்கி தன் பெயரால் நடக்கும் இவ்வகை மோசடி குறித்து 2021 ஆகத்தில் எச்சரித்துள்ளது. பழைய காசு, நோட்டு வாங்கும் விற்கும் செயலில் தான் ஈடுபடுவதில்லை என்றும், அதற்குக் கட்டணமோ தரகோ கேட்பதில்லை என்றும், எவருக்கும் அவ்வுரிமை அளிக்கவில்லை என்றும் தெளிவுபடுத்தியுள்ளது. இங்கு மற்றொன்றும் நோக்கத்தக்கது. ஐந்து ரூபாய்க் காசுக்கு இலட்சம் கிடைக்கும் என நம்பிய அதே தமிழகத்தில்தான், பத்து ரூபாய்க் காசு செல்லாது எனக் கடைகளும் பேருந்துகளும் வாங்க மறுத்தன. பதினான்கு வடிவங்களும் செல்லும் என அவ்வங்கி 2018 சனவரியில் அறிவிக்க நேர்ந்தது. வதந்தி ஒன்றை ஏற்றிவிடுகிறது, ஒன்றை இறக்கிவிடுகிறது.

நிறைவாக

மாணவரை உடன் அமர்த்தி, இணையவழிக் குற்றங்களுக்கான 1930 என்னும் எண்ணில் முறையிடச் செய்தோம். தாமதம் ஆக ஆகப் பணம் மீளும் வாய்ப்பு குறையும் என்பதை மாணவர் அனைவரும் நினைவில் கொள்க. அவர் இழந்த 4,500 ரூபாய் இன்னும் கிடைத்திலது. தேர்வுக் கட்டணத்திற்குத் துறையினர் வழிசெய்தோம். இரு திங்கள் வரை நாணத்தால் அவர் எவரிடமும் கூறாதிருந்ததே நம்மை வருத்தியது. ஏமாந்தவர் நாணவேண்டியதில்லை, ஏமாற்றியவரே நாணவேண்டும். இதனைப் பெற்றோரும் ஊர்ப் பெரியோரும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தல் நலம்.

“அப்ப இதுக்கு மதிப்பே இல்லையா ஐயா?” என்று டாலரைக் காட்டிக் கேட்டார். ஒரு டாலர் மதிப்பு உண்டு. மாமன் அன்பாகக் கொடுத்த மதிப்பும் உண்டு. பத்திரமாக வைத்துக்கொள் என்றோம்.

உலோகம், எண்ணிக்கை, நிலை, வேட்பு என்னும் நான்கையும் ஒருவர் மறந்துவிடினும் கேடில்லை. ஒன்றை மட்டும் மறத்தலாகாது: காசை வாங்க வருபவர் பணம் கொடுப்பார், கேட்கமாட்டார். ஆதலின் கையிலுள்ள நாணயத்தை நோக்குமுன், பேசுபவரின் நாணயத்தை நோக்குதல் வேண்டும்.