'கீழே' எந்தப் பக்கம்?



நம் தஞ்சைப் பக்கத்தில் வீடு கட்டும்போது பார்த்திருப்பீர்கள். கொத்தனார் தூக்குக்குண்டை நூலில் தொங்கவிடுவார். நூல் காட்டும் திசைதான் 'நேர் கீழே'. சுவர் சாய்ந்திருந்தால் உடனே தெரிந்துவிடும்.

நிலாவைச் சுற்றும் விண்கலத்துக்குள் அதே குண்டைத் தொங்கவிட்டால்? தொங்காது, மிதக்கும்! கலமும் குண்டும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால், நூல் எந்தத் திசையையும் காட்டாது. அப்படியானால் கலம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நட்சத்திரங்களைப் பார்த்துத்தான்! கலத்தில் உள்ள கேமரா வானத்தைப் படம் பிடிக்கும். கணினி அதைத் தன்னிடமுள்ள நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிட்டுச் சாய்வைக் கணக்கிடும். இடைப்பட்ட நேரத்தில், கலம் எவ்வளவு திரும்பியது என்று 'ஜைரோ' என்ற கருவி கணக்கு வைக்கும்.

ஜைரோ மட்டும் போதாதா? ஒரு சோதனை செய்யுங்கள். மேடு பள்ளமில்லாத திடலில் கண்ணை மூடி 20 தப்படி நடங்கள். தோழன் பக்கத்தில் இருக்கட்டும். நேராகப் போவதாகத்தான் தோன்றும். கண்ணைத் திறந்தால் விலகியிருப்பீர்கள்! ஜைரோவிலும் இப்படிச் சிறு பிழைகள் சேரும். நட்சத்திரத்தைப் பார்ப்பது கண்ணைத் திறப்பது போல.

சாய்வு ஏன் அவ்வளவு முக்கியம்? நிலவில் இறங்கத் தொடங்கும்போது கலத்தின் வேகம் விநாடிக்கு சுமார் 1.68 கி.மீ. எதிர்த்திசையில் தள்ளும் என்ஜின்கள்தான் அதற்கு பிரேக். கலம் தவறாகச் சாய்ந்தால் பிரேக்கும் தவறான திசையில் தள்ளும்.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் 'விக்ரம்' கலத்தின் என்ஜின்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தள்ளின. பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றைச் சரிசெய்யக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் அந்த வேகத்துக்குக் கணினி நிரலில் இடமில்லை. கலம் நிலவில் மோதியது.

விஞ்ஞானிகள் சோர்ந்துவிடவில்லை. ஒவ்வொரு பிழையாகத் தேடித் திருத்தினார்கள். சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் நம் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். புதிய கலம் வேகமாகத் திரும்பக் கற்றது. வேகத்தை அளக்க லேசர் கருவியும் சேர்ந்தது. அரை கி.மீ. சதுரமாக இருந்த இறங்குமிடம், சுமார் 4 கி.மீ. நீளமாக விரிந்தது.

2023 ஆகஸ்ட் 23. நிலவுக்கு மேலே சுமார் 7.4 கி.மீ. உயரத்தில், கலம் 10 விநாடி சாய்வை மாற்றாமல் தரையைக் கருவிகளால் பார்த்துக்கொண்டது. பிறகு மெல்ல நிமிர்ந்தது. மாலை 6.04க்கு நான்கு கால்களையும் நிலவில் ஊன்றியது!

விடைத்தாளில் சிவப்பு மையைக் கண்டதும் மடித்து மறைப்பவர்களே, தவறு எங்கே என்று பார்த்துத் திருத்துங்கள். நிலவுக்குப் போனவர்களும் அதைத்தான் செய்தார்கள்!