பித்தப்பையும் அதன் வேறுபாடுகளும்

முகத்துக்கு முகம் வேறுபாடு உண்டென்பதை யாவரும் அறிவர். அகத்துறுப்புக்களும் அவ்வாறே ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதை அறிந்தார் சிலரே. அத்தகைய உறுப்புக்களுள் ஒன்றாகிய பித்தப்பையைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுவாம். தமிழாசிரியருக்கு உடற்கூற்றில் என்ன வேலை என்று வினவுவார் உளராயின், 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் டாக்டர் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார் என்பதை அவர்க்கு நினைவூட்டுவோம்.

பித்தப்பை கல்லீரலின் கீழ்ப்புறத்தே ஒட்டிக் கிடக்கும், பேரிக்காய் வடிவான சிறு பையாகும். அதன் நீளம் 7 முதல் 10 சென்ரிமீற்றர். கொள்ளளவு 30 முதல் 50 மில்லிலீற்றர். பித்தநீரை ஆக்குவது ஈரலே. பையானது அந்நீரை ஏற்று, செறிவாக்கி, கொழுப்புணவு சிறுகுடலை அடைந்ததும் சுருங்கி, கான் வழியே வெளிப்படுத்தும். சேமிப்பே இதன் தொழிலாதலால், இஃதின்றியும் உயிர் வாழ்தல் கூடும். குதிரைக்குப் பித்தப்பை இல்லை என்பதைக் கிரேக்க அறிஞர் அரிஸ்தோத்தில் அன்றே குறித்துள்ளார்.

வேறுபாடுகள் தோன்றுவது எங்ஙனம்? கரு உருவாகி நாலாவது வாரமளவில், முன்குடலிலிருந்து ஓர் அரும்பு கிளைக்கின்றது. அதன் பெரும்பகுதி ஈரலாகவும், சிறுபகுதி பித்தப்பையும் அதன் கானுமாகவும் வளரும். அச்சிறுபகுதி வளராதொழியின் பித்தப்பையே இல்லாதாகும். பிளவுபடின் இரண்டு பைகள் தோன்றும். இரட்டைப் பை ஏறத்தாழ 4,000 பேருக்கு ஒருவரிடம் காணப்படும் என்பர். 1926ஆம் ஆண்டில் எட்வேட் போய்டன் என்னும் அமெரிக்க உடற்கூற்றறிஞர் இதனை விரிவாக ஆராய்ந்தார். சிலரிடம் பை ஈரலுக்குள்ளே புதைந்திருக்கும். சிலரிடம் இடப்புறத்தே அமைந்திருக்கும். வேறு சிலரிடம் ஈரலோடு ஒட்டாது தொங்கும். அவ்வாறு தொங்கும் பை முறுக்குண்டு, குருதியோட்டம் தடைப்பட்டு, உயிருக்கு இடர் விளைத்தலும் உண்டு. பையின் நுனி மடிந்திருப்பதைப் ‘பிரிஜியத் தொப்பி’ என்பர். பண்டைப் பிரிஜிய நாட்டார் அணிந்த, நுனி மடிந்த தொப்பியை ஒத்தலின் அப்பெயர் பெற்றது. இதனால் தீங்கில்லை.

பையின் வடிவத்திலும் பார்க்கக் கானின் அமைப்பும் நாடியின் அமைப்புமே மருத்துவருக்குப் பெருங் கவலை தருவன. பித்தப்பையின் கான் பொதுவாக ஈரற்கானின் வலப்பக்கத்திற் சேரும். சிலரிடம் அதற்கு இணையாக நெடுந்தூரம் ஓடித் தாழச் சேரும். சிலரிடம் பின்புறமாக வளைந்து இடப்பக்கத்திற் சேரும். பைக்குக் குருதி கொணரும் நாடி பெரும்பாலும் வல ஈரல் நாடியிற் கிளைப்பது. ஆயினும் வேறிடத்திற் கிளைத்தலும், இரண்டாக இருத்தலும் உண்டு.

பித்தப்பையை முதன்முதல் அகற்றியவர் ஜேர்மனியரான லாங்கன்புக், ஆண்டு 1882. பேர்லினில் அவர் அதனைச் செய்தார். 1985இல் மியூகே என்னும் ஜேர்மன் மருத்துவர் சிறு துளைகளின் வழியே கருவி செலுத்தி அகற்றிக் காட்டினார். இம்முறை பரவிய காலத்தில் ஓர் ஆபத்தும் வெளிப்பட்டது. பித்தப்பையின் கான் என்று கருதிப் பொதுப் பித்தக்கானையே வெட்டிவிடுதல் நேர்ந்தது. அதனால் பித்தநீர் வயிற்றறையுட் கசியும், மஞ்சட்காமாலை தோன்றும், மற்றுமொரு பெரிய சத்திரசிகிச்சை வேண்டியதாகும்.

இதனைத் தடுக்க, ஸ்ராஸ்பேர்க் என்னும் மருத்துவரும் அவருடன் ஆராய்ந்தோரும் 1995இல் ஒரு விதி வகுத்தனர். கானும் நாடியும் அமைந்த முக்கோணப் பகுதியிலுள்ள கொழுப்பையும் இழையத்தையும் நீக்குதல்; பையின் அடிப்பகுதியை ஈரலினின்றும் பிரித்தல்; பையினுட் செல்வன இரண்டே எனக் கண்ணாற் காணுதல்; இம்மூன்றும் நிறைவேறிய பின்னரே வெட்டுதல் வேண்டும். ஐயம் நீங்காதவிடத்து நிறுத்தி, வேறுவழி நாடுதலே முறை.

நூலிலுள்ள படம் பெரும்பாலோரின் அமைப்பையே காட்டும். மேசைமேற் கிடக்கும் நோயாளியின் அமைப்பை அது காட்டாது. மருத்துவக் கல்வியை நாடிச் செல்லும் நம் மாணவர் படத்தைப் பிழையறக் கற்பாராக. கற்றபின், கண்முன் உள்ளது அப்படத்தினின்றும் வேறாயிருத்தல் கூடும் என்பதையும் மறவாதிருப்பாராக. கருவியை எடுக்குமுன் ஒருகணம் தாழ்த்து நோக்கும் அப்பொறுமை, ஒருவரின் வாழ்நாளையே காத்தல் கூடும்.