வெற்றித் தேவதையின் காலணி



விளையாட்டு விழா என்றாலே நம் கண்கள் ஓடுபவர்களின் கால்களைத்தான் முதலில் நோக்குகின்றன. வெறுங்காலுடன் ஓடுவோர் சிலர். விலையுயர்ந்த காலணியுடன் ஓடுவோர் சிலர். அக்காலணிகள் சிலவற்றில் 'சரி' என்று குறியிட்டது போன்ற ஒரு வளைந்த கோட்டைக் கண்டிருப்பீர்கள். அதுவே 'நைக்கி' நிறுவனத்தின் அடையாளம். அதன் வரலாறு நாம் அறிய வேண்டிய ஒன்று.

அமெரிக்காவில் ஒரிகன் பல்கலைக்கழகத்தின் ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மன். அவரிடம் பயின்ற ஓட்டக்காரர் பில் நைட். 1964-ஆம் ஆண்டு இருவரும் ஆளுக்கு 500 டாலர் முதலிட்டு, ஜப்பானியக் காலணிகளை வரவழைத்து விற்கத் தொடங்கினர். போட்டிகள் நடக்கும் இடங்களுக்குக் காரில் கொண்டு சென்று விற்றார் நைட். பவர்மன் தம் மனைவியின் பலகார அச்சில் ரப்பர் கலவையை ஊற்றிப் புதுவகை அடிப்பாகம் செய்ய முயன்றார். அச்சு பாழாயிற்று, யோசனையோ பலித்தது!

1971-இல் தங்கள் சொந்தக் காலணிக்குக் கிரேக்கரின் வெற்றித் தேவதையான நைக்கியின் பெயரைச் சூட்டினர். வளைந்த கோட்டை வரைந்தவர் கரோலின் டேவிட்சன் என்ற கல்லூரி மாணவி. அன்று அவர் பெற்ற கூலி 35 டாலர். 1983-இல் நிறுவனம் அவருக்குத் தன் பங்குகளைப் பரிசளித்து நன்றி பாராட்டியது.

இந்நிறுவனத்தின் வணிக முறை வியப்புக்குரியது. காலணியின் வடிவத்தை அமைப்பதும், விளம்பரம் செய்வதும், விற்பதும் அதன் வேலை. தைப்பதும் ஒட்டுவதும் ஒப்பந்தம் பெற்ற பிறருடைய தொழிற்சாலைகளின் வேலை. கூலி உயர உயர இவ்வேலை ஜப்பானிலிருந்து தைவான், தென் கொரியா என்றும், பின்னர் சீனா, இந்தோனேசியா, வியட்நாம் என்றும் இடம் பெயர்ந்தது. நம் தமிழகத்துக்கும் வந்தது. செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே நிறுவனம் நடத்தும் தொழிற்சாலையில் நைக்கி காலணிகள் உருவாகின்றன. அங்கே உழைப்போரில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களே.

வேலை வந்தால் வீட்டில் அடுப்பு எரியும், பெண்ணின் கையில் பணம் புழங்கும். இது பெரும் நன்மை. ஆயினும் கூலி குறைந்த இடத்தைத் தேடி வந்த வேலை, நாளை வேறிடம் தேடிப் போகாதா? 1990-களில் ஆசிய ஒப்பந்தத் தொழிற்சாலைகளில் குறைந்த கூலி, இளவயதினர் வேலை ஆகியவை பற்றி உலகெங்கும் கண்டனம் எழுந்தது. அதன் பின்னரே 1998-இல், காலணித் தொழிற்சாலைகளில் 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் புதிதாகச் சேர்ப்பதில்லை என்று நைட் அறிவித்தார். 2005-இல் ஒப்பந்தத் தொழிற்சாலைகளின் பட்டியலும் வெளியாயிற்று. வாங்குவோர் கேள்வி கேட்டதனால் விளைந்த மாற்றம் இது.

உழைப்பவருக்கு நியாயமான கூலி கொடுப்பது தருமமன்று, கடமை என்று 1891-லேயே திருத்தந்தை 13-ஆம் லியோ தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். படம் வரைந்த மாணவிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தேனும் பங்கு கிடைத்தது. தைக்கும் கைகளுக்கும் உரிய பங்கு கிடைத்தால்தான் வெற்றித் தேவதையின் பெயர் அக்காலணிக்குப் பொருந்தும்.

தோழியரே! விலையைக் கேட்கும்போது, செய்தவர் யார் என்றும் கேட்கப் பழகுவோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி, அரிமளம்