மினுக்கும் வர்ணத்தின் கீழே
பழைய ஸ்போட்ஸ் காரைப் பேணும் முறை

பழைமையான பொருள்களின்பால் மனிதனுக்குத் தனியானதொரு பற்று உண்டு. பாட்டனார் விட்டுச் சென்ற சுவர்க்கடிகாரத்தைப் பழுதுபார்த்து ஓடவைப்பதிற் காணும் இன்பத்தைக் கடையில் வாங்கிய புதிய கடிகாரம் தருவதில்லை. பழைய ஸ்போட்ஸ் கார்களைத் தேடி வாங்கிப் பேணுவோரின் உள்ளமும் இத்தகையதே. ஆயினும் கடிகாரம் நின்றுவிட்டால் நேரந்தான் தவறும். ஓடுகின்ற காரின் பிறேக் தவறினாலோ உயிருக்கே இறுதி வந்துவிடும். ஆகவே, இவ்வண்டிகளை வைத்திருப்போர் முதலிற் கவனிக்க வேண்டியவை எவை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இதற்கு எம். ஜி. பி. என்னும் காரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962ஆம் ஆண்டு முதல் 1980ஆம் ஆண்டு வரை இவ்வினத்தைச் சேர்ந்த 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. 1798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய, நான்கு சிலிண்டர்களைக் கொண்ட எளிய எஞ்சின். சாதாரண ஆயுதங்களைக் கொண்டே கழற்றிப் பூட்டத்தக்க அமைப்பு. இவை காரணமாக இன்றும் பல வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

உள்ளிருந்து அரிக்கும் கறள்

இதற்கு முந்திய எம். ஜி. ஏ. வண்டியில் தனியான இரும்புச் சட்டகத்தின்மேல் உடல் பொருத்தப்பட்டிருந்தது. எம். ஜி. பி.யிலோ தனிச் சட்டகம் இல்லை. ஒன்றோடொன்று ஒட்டப்பட்ட தகடுகளே முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. திறந்த வண்டிக்குக் கூரையின் துணையும் இல்லையாதலால், இரு கதவுகளுக்கும் கீழே நெடுகச் செல்லும் பெட்டி போன்ற பக்கச் சட்டங்களை அதன் முதுகெலும்பு எனலாம்.

முன்சில்லுகள் வாரியெறியும் சேறு மட்காட்டின் உட்புறத்தில் ஒதுங்கி ஈரம் காயாது கிடக்கும். அதனால் அச்சட்டங்கள் உட்புறமிருந்தே கறள் பிடிக்கத் தொடங்கும். கறையான் தின்ற தூண் பார்வைக்கு முழுத்தூணாகவே நிற்பதுபோல, வண்டியும் மேலே வர்ணம் மினுங்க நிற்கும். வண்டியின் பக்கத்தை ஜாக்கினால் உயர்த்தும்போது, கதவுக்கும் பின்புறத் தகட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை உற்றுநோக்குக. அது ஒடுங்கினாலோ கதவு இறுகினாலோ சட்டத்தின் உறுதி போய்விட்டதென்று கொள்ளலாம்.

துளைகளைப் பசையால் அடைத்து வர்ணம் பூசுவது பழுதை நீக்குவதன்று, மறைப்பதே. கறள் பிடித்த பகுதியை நல்ல இரும்பு தோன்றும் வரை வெட்டியகற்றிப் புதிய தகட்டைக் காய்ச்சி ஒட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன் கதவு வாயிலுக்குக் குறுக்கே இரும்புத் தண்டொன்றைப் பொருத்திக்கொள்ளாவிடின் உடல் நடுவில் தொய்ந்துவிடும். பின்னர் கதவு ஒருபோதும் சரியாகப் பொருந்தாது. பிரிட்டிஷ் மோட்டோர் ஹெரிற்றேஜ் நிறுவனம் 1988ஆம் ஆண்டில் இவ்வண்டிக்குப் புதிய உடற்கூடுகளையே செய்து விற்கத் தொடங்கியது. பழைய கார்களுக்குக் கறள் எத்துணைப் பெரிய பகைவன் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஓடாத வண்டியின் பிறேக்

பிறேக் எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புண்டு. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை தாழும். நீண்ட இறக்கத்தில் மீண்டும் மீண்டும் மிதிக்கும்போது எண்ணெய் கொதித்து ஆவியாகி, மிதி பலனின்றி உள்ளே சென்றுவிடலாம். எனவே வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை எண்ணெயை மாற்றுதல் நன்று. றப்பர்க் குழாய்கள் வெளியே நலமாகத் தோன்றினாலும் உள்ளே வீங்கி வழியை அடைத்துவிடும். காலை எடுத்த பின்னும் சில்லு இறுகியே நிற்பது இதன் அறிகுறியாகலாம். ஆரம்பகால வண்டிகளில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்த் தொடரே உண்டு. ஒரு குழாய் வெடித்தால் நான்கும் கைவிடும் என்பதை மறத்தல் ஆகாது.

எஞ்சினின் மௌனம்

சத்தம் குறைந்தால் எஞ்சின் நலமாயிருக்கிறதென்று பலர் எண்ணுவர். இவ்வெஞ்சினில் அவ்வாறன்று. பழைய பெற்றோலிற் கலந்திருந்த ஈயம், வால்வுகள் அமரும் இடங்களைத் தேயாமற் காத்தது. பிரித்தானியாவில் ஈயம் கலந்த பெற்றோலின் பொது விற்பனை 1999ஆம் ஆண்டின் முடிவோடு நிறுத்தப்பட்டது. அக்காப்பின்றி வால்வு இருக்கை தேயத் தேய, வால்வுக்கு விடப்பட்ட சிறு இடைவெளி குறைந்து அதன் சத்தமும் அடங்கும். இறுதியில் வால்வு முற்றாக மூடாது எரிந்துபோகும். ஆகவே இடைவெளியைக் காலந்தோறும் அளந்து சரிசெய்க. எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்ற நேரும்போது கடினமான இருக்கைகளைப் பொருத்துவதே நிலையான பரிகாரம்.

2021ஆம் ஆண்டு முதல் அந்நாட்டின் சாதாரண பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல் கலக்கப்படுகிறது. அது பழைய றப்பர்க் குழாய்களைக் கெடுத்துக் கசியச் செய்யும். பெற்றோல் மணம் வீசினால் ஒரு நாளும் தாமதியாது, எதனோலைத் தாங்கும் குழாய்களை மாற்றுக.

சிறு கவனமும் பெரும் பயனும்

சில பழுதுகளுக்குச் செலவே இல்லை. வேகமூட்டும்போது வண்டி தயங்கினால் எஸ். யூ. காபரேற்றர்களின் மேல்மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சிறிதளவு எண்ணெய் வற்றியிருப்பதே காரணமாயிருக்கலாம். இரண்டு காபரேற்றர்களும் காற்றை ஒரே அளவாக இழுக்கின்றனவா என்பதை, றப்பர்க் குழாயொன்றைக் காதில் வைத்து அவற்றின் இரைச்சலை ஒப்பிட்டே அறியலாம்.

விளக்குகள் மங்கினால் அவற்றை மாற்றுமுன், வயர் உடலோடு இணையும் இடத்திலுள்ள கறளைச் சுரண்டித் துப்புரவாக்குக. 1967ஆம் ஆண்டு வரை செய்யப்பட்ட வண்டிகளிற் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இதனை அறியாது இக்காலக் கருவிகளைப் பொருத்துவோர் அவற்றை எரித்துவிடுவர். விஞ்ஞானம் பயிலும் மாணவருக்கு இத்தகைய வண்டியொன்று நல்லதோர் ஆய்வுகூடம் என்பதில் ஐயமில்லை.

கையிலுள்ள பணம் அளவானதாயின் முதலிற் பிறேக், அடுத்து உடலின் உறுதி, பின்னர் எஞ்சினும் மின்னிணைப்பும், இறுதியிலே வர்ணமும் அலங்காரமும் என்ற ஒழுங்கிற் செலவிடுதலே அறிவுடைமை. இவ்வொழுங்கைத் தலைகீழாக்குவோர் பலர். பழைய வண்டிகள் முதுமையால் அழிவதிலும் பார்க்கக் கவனிப்பாரற்று அழிவதே மிகுதி. பேணத் தெரிந்தவர் கையிற் கிடைத்த வண்டி, அவர்தம் பிள்ளைகளையும் சுமந்து ஓடும்.