மலை கடந்த எண்ணெய்

எண்ணெய் சுத்திசெய்வோன் எத்துணை வல்லவனாயினும், சரக்குச் செல்லும் வழி பிறன் கையிலிருப்பின் சுதந்தரனாகான். அமெரிக்காவில் ராக்பெல்லரது ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனிக்கு ரயில்வேக்கள் இரகசியமாகக் கட்டணத் தள்ளுபடி அளித்தன. தனித்து நின்ற சுத்திகரிப்பாளர் நலிந்தனர்.

1878-ல் பைரன் பென்ஸன் முதலியோர் டைடுவாட்டர் கம்பெனியை நிறுவி, பென்ஸில்வேனியாவின் அலிகேனி மலைகளின் மேல் ஏறத்தாழ 110 மைல் குழாய் பதித்தனர். நீராவிப் பம்புகள் 1879 மே 28-ல் செலுத்தத் தொடங்கிய கச்சா எண்ணெய், ஜூன் 4-ல் வில்லியம்ஸ்போர்ட்டை அடைந்தது. அங்கிருந்து வேறொரு ரயில் வழியே கீழ்க்கரை ஆலைகளுக்குச் சென்றது. பின்னர் நியூ ஜெர்சியின் பேயோனில் கம்பெனியின் சொந்தச் சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தது.

ஆயினும் எதிரியின் பணபலம் ஓயவில்லை. 1883-ல் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி, அப்பகுதிக் குழாய் வாணிபத்தில் டைடுவாட்டருக்கு நூற்றுக்கு 11½ பங்கே கிடைத்தது, எஞ்சியது ஸ்டாண்டர்டுக்கு. மலையைக் கடந்தவர்கள் ஓர் ஒப்பந்தத்தின் முன் நின்றுவிட்டனர்.