நகல் இருக்கிறது, கணக்கு திரும்புமா?

"எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. எழுதி வைத்த கடனும் ஒரே இரவில் அழிந்து போனால் என்ன செய்வது? இன்று வணிகர்களாகிய நாம் யோசிக்க வேண்டிய கேள்வி இதுதான்.

பேரேடும் சிட்டையும் மரப்பெட்டியில் இருந்த காலத்தில் கரையான், மழைநீர், நெருப்பு இந்த மூன்றுக்கு மட்டும் பயந்தால் போதும். இன்று நம்மில் பலரது கடைகளில் பில் போடும் மூன்று கவுண்டர்கள், குடோன் இருப்பு, வசூலுக்குப் போகும் பையனின் செல்போன், ஆடிட்டர் அலுவலகம் எல்லாம் ஒரே சர்வரில் வந்து சேருகின்றன. பலர் ஒரே நேரத்தில் ஒரே கணக்கில் வேலை செய்ய முடிகிறது. வசதி பெரிதுதான். ஆனால் அந்த ஒரு சர்வர் படுத்துவிட்டால் யாரிடம் எவ்வளவு பாக்கி, யாருக்கு நாம் எவ்வளவு தரவேண்டும் என்பது யாருக்கும் தெரியாது. சரக்கு போனால் மீண்டும் கொள்முதல் செய்யலாம். பாக்கிக் கணக்கை எந்த மண்டியிலும் வாங்க முடியாது.

"நாங்கள் தினமும் பேக்கப் எடுக்கிறோமே" என்று பலர் சொல்வார்கள். மகிழ்ச்சி. அவர்களுக்காகவே ஓர் உண்மைச் சம்பவத்தை இங்கே சொல்கிறோம்.

ஐந்து பாதுகாப்பு, ஐந்தும் பழுது

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவோர் பலர் கூடி ஒரே வேலையைச் செய்ய இடம் தரும் நிறுவனம் கிட்லேப். உலகெங்கும் அதற்கு வாடிக்கையாளர்கள் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று இரவு அதன் டேட்டாபேஸ் சர்வரில் பளு கூடித் தொல்லை கொடுத்தது. அங்கே முதன்மை சர்வர் ஒன்று, அதன் பிரதியாக ஓடும் துணை சர்வர் ஒன்று என இரண்டு இருந்தன. நெடுநேரம் வேலை பார்த்துக் களைத்திருந்த பொறியாளர் ஒருவர், துணை சர்வரில் இருப்பதாக எண்ணிக்கொண்டு முதன்மை சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடியில் தவறு புரிந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜி.பி. இருந்த இடத்தில் ஏறத்தாழ 4.5 ஜி.பி. மட்டுமே மிஞ்சியது.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று தேடினார்கள். ஒன்றல்ல, ஐந்து விதமான ஏற்பாடுகள் அவர்களிடம் இருந்தன. அன்றாடம் வெளியிடத்தில் சேர வேண்டிய நகல் இருக்கும் பெட்டகத்தைத் திறந்தால் காலி! டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, நகல் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு. இரண்டும் பொருந்தாததால் நகல் எடுக்கும் வேலை நாள்தோறும் தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் செய்தி எட்டவில்லை. டிஸ்க்கை அப்படியே படம் பிடித்து வைக்கும் ஏற்பாடு மற்ற சர்வர்களுக்கு இருந்தது, டேட்டாபேஸ் சர்வருக்கு இல்லை.

கடைசியில் காப்பாற்றியது தற்செயல். வேறொரு சோதனைக்காக அதே பொறியாளர் சுமார் 6 மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்த ஒரு நகல் கிடைத்தது. அது இருந்த டிஸ்க் வேகம் குறைந்தது. அதைக் கொண்டுவந்து சேர்த்து, மீண்டும் கடையைத் திறக்க சுமார் 18 மணி நேரம் பிடித்தது. இடைப்பட்ட 6 மணி நேரத்துப் பதிவுகள் போனது போனதுதான். ஏறத்தாழ 5000 திட்டப் பதிவுகள், 5000 கருத்துரைகள், 700 புதிய வாடிக்கையாளர் கணக்குகள் பாதிக்கப்பட்டதாக நிறுவனமே கணக்குச் சொன்னது.

எதையும் மறைக்காமல் நடந்தது அனைத்தையும் அந்நிறுவனம் வெளியிட்டது. பேக்கப்பைச் சோதித்துப் பார்ப்பது இன்னாருடைய பொறுப்பு என்று யாரையும் நியமிக்கவில்லை என்பதையும் அதில் ஒப்புக்கொண்டது. கம்ப்யூட்டரே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்தக் கதி என்றால் நம் கடைகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

ஒரே கூரையின் கீழ் வேண்டாம்

இரண்டாவது பாடம் பிரான்சிலிருந்து வருகிறது. 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் ஐந்து மாடி சர்வர் கட்டடம் ஒன்று நள்ளிரவு கடந்து தீப்பிடித்து முற்றிலும் எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கணக்கையும் நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் ஒன்றாக இழந்தார்கள்.

நமக்குத் தீயைவிட வெள்ளம் பழக்கம். 2015 டிசம்பரில் சென்னையையும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களையும் மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. மேசைக்குக் கீழே சர்வரையும், மேசை இழுப்பறையில் பேக்கப் டிஸ்க்கையும் வைத்திருக்கும் கடையில் இடுப்பளவு தண்ணீர் வந்தால் எது மிஞ்சும்?

சட்டமும் கேட்கிறது

இது நம் விருப்பத்தைப் பொறுத்த விஷயமும் அல்ல. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு விதிகளில் 57ஆவது விதி, கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் கணக்குக்கு முறையான நகல் வேண்டும் என்கிறது. விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ கணக்கு அழிந்தால், நியாயமான காலத்துக்குள் அதை மீட்டெடுக்க முடிய வேண்டும் என்கிறது. "நகல் இருக்கிறதா?" என்பதோடு நில்லாமல் "மீட்க முடியுமா?" என்றும் சட்டம் கேட்பதைக் கவனிக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

1. எதை நகல் எடுப்பது? டேட்டாபேஸ் மட்டும் போதாது. கொள்முதல் பில்லைப் படம் எடுத்துச் சேர்த்த கோப்புகள், புரோகிராமின் அமைப்புகள், உரிமக் குறியீடு, பாஸ்வேர்டு, பதிப்பு எண் ஆகியவையும் வேண்டும். நகலுக்குப் பூட்டுப் போட்டிருந்தால் அதன் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வீட்டுப் பீரோவில் வையுங்கள். அந்த பாஸ்வேர்டு சர்வருக்குள்ளேயே இருந்தால் பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்த கதைதான்.

2. எப்போது எடுப்பது? பில் ஓடிக்கொண்டிருக்கும்போது டேட்டாபேஸ் கோப்பை அப்படியே காப்பி செய்யக் கூடாது. கணக்குப்பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தை உருவினால் பாதி வரிதான் கையில் வரும். எல்லோரும் வெளியே வந்தபின் எடுங்கள், அல்லது புரோகிராமிலேயே உள்ள பேக்கப் வசதியைப் பயன்படுத்துங்கள்.

3. எத்தனை நகல்? அசலோடு சேர்த்து மூன்று. இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்று கண்டிப்பாகக் கடைக்கு வெளியே இருக்கட்டும். ஒரே பென் டிரைவில் தினமும் மேலே மேலே எழுதாதீர்கள். திங்களன்று நுழைந்த பிழை வியாழனன்று தெரிந்தால், அதற்குள் நல்ல நகல் மேல் கெட்ட நகல் ஏறியிருக்கும். கிழமைக்கு ஒன்று, மாதக் கடைசிக்கு ஒன்று எனத் தனித்தனியே வையுங்கள்.

4. எடுத்ததும் கழற்றுங்கள். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய 'வான்னாக்ரை' வைரஸ் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இந்த வகை வைரஸ், கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருக்கும் டிஸ்க்கையும் விடாது.

5. இணையத்தில் கணக்கு வைத்திருப்போர் புரோகிராம் கம்பெனியிடம் கேட்க வேண்டியவை: எத்தனை நாள் நகல் வைத்திருக்கிறீர்கள்? எங்கள் கணக்கை நாங்களே இறக்கிக்கொள்ள முடியுமா? சந்தா நின்றால் கணக்கு என்னவாகும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஒத்திகை அவசியம்

மாதம் ஒரு முறை, விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வேறொரு கம்ப்யூட்டரில் அதே பதிப்புப் புரோகிராமை ஏற்றி, நகலை அதில் மீட்டுப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் மேல் ஒருபோதும் சோதிக்காதீர்கள். எது அசல், எது சோதனை என்று இரண்டு கம்ப்யூட்டரிலும் பெரிய எழுத்தில் சீட்டு ஒட்டுங்கள். கிட்லேப் பொறியாளர் இடம் மாறிக் கைவைத்ததை நினைவில் கொள்ளுங்கள்.

மீட்ட பின் நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள். கடைசி பில் எண் சரியா? பெரிய பாக்கிதாரர் பத்துப் பேரின் நிலுவை பொருந்துகிறதா? குடோன் இருப்பு ஒத்துப்போகிறதா? சேர்த்த பில் படம் திறக்கிறதா? எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதையும் குறித்து வையுங்கள். தீபாவளிக் கூட்டத்தில் சர்வர் படுத்தால் கடை எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.

இரவு 10 மணிக்கு நகல் எடுக்கும் கடையில் மறுநாள் மாலை 5 மணிக்குப் பழுது வந்தால், அன்றைய பில்கள் எந்த நகலிலும் இருக்காது. எனவே கடன் பில்லுக்கு மட்டுமாவது வாடிக்கையாளர் கையொப்பமிட்ட தாள் நகலை வைத்திருங்கள். மதியம் கூடுதலாக ஒரு நகல் எடுத்தால் இழப்பு பாதியாகும்.

இந்த வேலைக்கு ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவர் தேதி போட்டுக் கையெழுத்திட ஒரு நோட்டுப் புத்தகம் கல்லாப் பக்கத்தில் இருக்கட்டும். இரவு கடையை அடைக்கும்போது பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்க்காமல் நாம் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. கணக்கின் பூட்டையும் அதேபோல் இழுத்துப் பார்ப்போம். வரும் ஞாயிற்றுக்கிழமையே முதல் ஒத்திகையை நடத்துமாறு உறுப்பினர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.