மருந்துப் பையோடு ஒன்றரை நாள் பயணம்

தென்மாவட்ட ரயில் தாதரில் வந்து நிற்கும்போது, முறுக்கு டின்னும் அரிசி மூட்டையுமாக இறங்குகிற கூட்டத்தில் சில நாள் முகக்கவசம் அணிந்த ஒரு குழந்தையும் இறங்கும். தலையில் குல்லாய். தாயின் கையில் நகைப் பெட்டியைப் போல இறுகப் பிடித்த ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் இருப்பது ஆஸ்பத்திரி பைல். அவர்கள் போகுமிடம் பரேல். 1941ல் தொடங்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனை.

தாராவியில் தோல் பட்டறை ஒன்றில் தையல் வேலை செய்பவரின் ஏழு வயது மகளும் அப்படி வருகிறவள்தான். தாயும் மகளும் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. சென்னை அடையாறில் 1954 முதல் புற்றுநோய் நிலையம் இருக்க, மும்பை எதற்கு என்று கேட்கலாம். தகப்பனின் பிழைப்பு இங்கே. சம்பளத்தை விட்டுவிட்டு அவர் அங்கே போய் உட்கார்ந்தால் மருந்துக்கு யார் பணம் தருவது?

முதல் சில மாதங்கள் சிகிச்சை இங்கேயே நடந்தது. இப்போது வீட்டிலேயே தினமும் மாத்திரை. டாக்டர் குறித்த தேதிகளில் மட்டும் ஒன்றரை நாள் ரயில் பயணம்.

<b>சோலாப்பூரில் இறங்கினார்கள்</b>

சென்ற ஆண்டு ஒரு பயணத்தில், குண்டக்கல்லைத் தாண்டியதும் குழந்தையின் உடம்பு சுட்டது. தெர்மாமீட்டரில் 101 டிகிரி. "ஜுர மாத்திரை ஒன்று கொடும்மா, மும்பை போனதும் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள் பக்கத்திலிருந்தவர்கள். தாய்க்கு நர்ஸ் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. மாத்திரை கொடுக்காமல் கணவருக்கு போன் செய்தாள். அவர் ஆஸ்பத்திரியைக் கேட்டார். "மும்பை வரும்வரை காத்திருக்க வேண்டாம், வழியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேருங்கள்" என்று பதில் வந்தது.

தாய்க்கு இந்தியும் தெரியாது, மராட்டியும் தெரியாது. புனேக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தமிழ் ராணுவ வீரர், "பயப்படாதீங்க அக்கா" என்று சொல்லி, தம் பயணத்தை விட்டுவிட்டு அவர்களோடு சோலாப்பூரில் இறங்கினார். ஆஸ்பத்திரியில் சேர்த்து, தகப்பன் வந்து சேர்ந்த பிறகே கிளம்பினார். எட்டு நாள் நரம்பு வழியே மருந்து ஏறியது. குழந்தை பிழைத்தாள்.

புற்றுநோய் மருந்து ரத்தத்தின் வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். அந்தச் சமயத்தில் சாதாரணக் கிருமியும் சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவி உயிருக்கு ஆபத்தாகும். 100.4 டிகிரிக்கு மேல் போனாலே உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஜுர மாத்திரை சூட்டைத் தணித்து ஆபத்தை மறைத்துவிடும். ஓடும் ரயிலில் மருத்துவ உதவிக்கு 139க்கு போன் செய்யலாம். டிக்கெட் பரிசோதகரிடமும் சொல்லலாம்.

<b>புறப்படுமுன்</b>

ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து, பயணம் போகலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்து, பைல், தெர்மாமீட்டர், வாந்திக்குப் பை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். சீட்டுக்கடியில் உள்ள டிரங்குப் பெட்டியில் வேண்டாம். கொதிக்க வைத்து ஆறிய நீர் போதுமான அளவு வேண்டும். பிளாட்பாரத்தில் நறுக்கி விற்கும் பழம் கூடாது. வாழைப்பழம், ஆரஞ்சு போலத் தோலுரித்துத் தின்பவை நல்லது. பெட்டியில் யாருக்காவது அம்மை இருந்தது தெரிந்தால், போய்ச் சேர்ந்ததும் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

<b>டிக்கெட் சலுகை</b>

சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணத்தில் 100 சதவீதச் சலுகை. துணைக்குச் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதம். இரண்டாம் வகுப்பில் இருவருக்கும் 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் உரிய படிவத்தில் சான்றிதழ் வாங்கி, முன்பதிவு கவுண்டரில் காட்ட வேண்டும். நோயாளிகளுக்கான ஒதுக்கீட்டில் படுக்கை கிடைக்குமா என்றும் அங்கேயே கேட்க வேண்டும். கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை.

தங்க இடமில்லாதவர்கள் ஆஸ்பத்திரியின் சமூக சேவைப் பிரிவில் விசாரிக்கலாம். தாதரில் காட்கே மகராஜ் தர்மசாலை இருக்கிறது. 2006ல் தொடங்கிய செயின்ட் ஜூட் இல்லங்களில் குழந்தையோடு பெற்றோரும் இலவசமாகத் தங்கலாம்.

<b>"முடிதான் வளர்ந்துவிட்டதே!"</b>

இப்போது குழந்தைக்கு முடி வளர்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் போகிறாள். "நல்லாத்தானே இருக்கா, இனி எதுக்கு இந்த அலைச்சல்?" என்று ஊரில் உறவினர்கள் கேட்கிறார்கள். தாய்க்கும் ஒரு சமயம் மனம் தளர்ந்ததுண்டு. ஆனால் இவ்வகை ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். நோய் மறைந்ததுபோல் தெரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் மிஞ்சியிருக்கும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். அப்போது குணப்படுத்துவது இன்னும் கடினம்.

"பாதி வழியில இறங்கினா ஊர் வருமா அண்ணாச்சி? சோலாப்பூர்ல இறங்கினது வேற விஷயம்" என்கிறார் தகப்பன்.

அடுத்த தேதிக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. நடுப் படுக்கைதான் கிடைத்திருக்கிறது. முகக்கவசம் அணிந்த குழந்தை நம் பெட்டியில் ஏறினால், இருமலும் ஜலதோஷமும் உள்ளவர்கள் சற்று விலகி உட்காருங்கள். கீழ்ப் படுக்கையை அவளுக்கு விட்டுக் கொடுங்கள். ஒன்றரை நாளில் நாம் செய்யக்கூடியது அவ்வளவுதான். அவர்களுக்கு அது பெரிது.